“அக்கா, நான் டைப் பண்ணட்டுமா?”

கோவையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கடிதத்தின் சாரம் இது:

‘எனக்கு 37 வயது. 13 வருடமாக விண்டோஸில் சி ஷார்ப் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்துக்கு முன் புதிய கம்பெனியில் சேர்ந்தேன். இங்கே எல்லோருக்கும் மேக்புக்தான். வேலை ஜாவாவிலும் பைத்தானிலும். மொழி மாறியதுகூடப் பெரிய கஷ்டமாக இல்லை, கீபோர்டுதான் படுத்துகிறது. காப்பி செய்தால் காப்பி ஆவதில்லை. வரியின் கடைசிக்குப் போக எண்ட் கீயைத் தேடினால் அந்தக் கீயே இல்லை. தமிழ் கீபோர்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன், புரோகிராம் கோடு எழுதும்போது நடுவில் தானாகத் தமிழுக்கு மாறிவிடுகிறது. போன வாரம் டீமில் ஒரு தம்பியோடு உட்கார்ந்து ஒரு பக் பார்த்தோம். நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு “அக்கா, நான் டைப் பண்ணட்டுமா?” என்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். மரியாதையாகத்தான் கேட்டான். ஆனாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள் நான். விண்டோஸ் லேப்டாப் கேட்டுவிடட்டுமா? கன்ட்ரோலையும் கமாண்டையும் இடம் மாற்றி வைத்துக்கொள்ளலாமா? வீட்டில் இருக்கும் என் மெக்கானிக்கல் கீபோர்டை ஆபீசுக்கு எடுத்துப் போகலாமா? இல்லை, எனக்கு வயதாகிவிட்டதா?’

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வயது காரணமே இல்லை. நீங்கள் ஹையர் முடித்தவர் என்பதால்தான் இவ்வளவு தடுமாற்றம். இரண்டு விரலால் தேடித் தேடி அடிப்பவர் கீபோர்டைப் பார்த்துத்தான் அடிக்கிறார். புது லேப்டாப் வந்தால் புதிதாக எழுதியிருப்பதைப் படித்து அடித்துவிட்டுப் போய்விடுவார். உங்கள் கை பார்ப்பதே இல்லை, 13 வருடமாகப் பார்க்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வேகமாக டைப் செய்யக்கூடியவர்களிடம் எழுத்தே இல்லாத வெற்று கீபோர்டுப் படம் ஒன்றைக் கொடுத்து, எந்த எழுத்து எங்கே என்று நிரப்பச் சொன்னார்கள். 26 எழுத்தில் சராசரியாக 15 எழுத்தைத்தான் அவர்களால் சரியான இடத்தில் வைக்க முடிந்தது. விரலுக்குத் தெரிந்தது அவர்கள் மனதுக்குத் தெரியவில்லை. உங்கள் நிலைமையும் இதுதான். ‘இது மேக், இங்கே கமாண்ட் சி’ என்று மனது சொல்வதற்குள் சுண்டு விரல் கன்ட்ரோலுக்குப் போய்விடுகிறது. மனது கற்றுக்கொண்டு எத்தனையோ நாளாகிவிட்டது. விரலுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் படித்த இன்ஸ்டிட்யூட்டிலேயே தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆர். முத்தையா உருவாக்கிய வழியில் வந்த தமிழ்த் தட்டச்சு ஒரு மாதிரி, ஆங்கிலம் முற்றிலும் வேறு மாதிரி. காலையில் இதில் அடித்துவிட்டுச் சாயங்காலம் அதில் அடிப்பார்கள், குழப்பமே வராது. இரண்டுக்கும் ஒட்டு உறவு கிடையாது என்பதால் கை இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. விண்டோஸுக்கும் மேக்குக்கும் அப்படி இல்லை. எழுத்தெல்லாம் அதே இடத்தில் இருக்கிறது, ஓரத்தில் இருக்கும் மூன்று நான்கு கீ மட்டும் வேறு. கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதுதான் கையை ஏமாற்றுகிறது. பழைய வீடு என்று நினைத்துக்கொண்டு நடக்கிறது, வாசல்படி மட்டும் அரை அடி தள்ளி இருக்கிறது.

விண்டோஸ் லேப்டாப் கேட்கலாமா என்றால், இப்போது வேண்டாம் என்பேன். சி ஷார்ப் புரோகிராம்கள் ஓடும் பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க் வேலையாக இருந்தால் கேட்டே ஆக வேண்டும், அது விண்டோஸில்தான் ஓடும். உங்கள் வேலை ஜாவாவும் பைத்தானும். டீம் முழுக்க மேக்கில் இருக்கும்போது நீங்கள் மட்டும் தனியாக இருந்தால், ஒவ்வொரு செட்டப் குறிப்பையும் நீங்கள் ஒருத்தியே மொழிபெயர்த்துக்கொண்டு உட்கார வேண்டும். கீபோர்டுப் பிரச்சினை ஒரு மாதத்தில் தீரும், அந்தத் தொல்லை தீராது. புதிதாகச் சேர்பவர்களுக்குப் பல வருடமாக நான் பயிற்சி கொடுத்து வருகிறேன். விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்தில் கை பழகிவிடுகிறது. மூன்றாவது வாரம்தான் எல்லோருக்கும் மோசமானது. புதுமை போயிருக்கும், பழக்கம் வந்திருக்காது. நீங்கள் எழுதியிருப்பது சரியாக அந்த மூன்றாவது வாரத்தில்.

அடுத்து, கன்ட்ரோலையும் கமாண்டையும் இடம் மாற்றுவது. மேக்கிலேயே அதற்கு வசதி இருக்கிறது, ஒரு நிமிட வேலை. ஆனால் புரோகிராமருக்கு அது நல்லதில்லை என்பது என் உறுதியான கருத்து. காரணம், கட்டளைகளை எழுத்தாக அடித்து இயக்கும் டெர்மினல் ஜன்னல்.

கன்ட்ரோல் சி என்பது, மேக், லினக்ஸ் இரண்டுக்கும் முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதள உலகத்தில் ‘ஓடுவதை நிறுத்து’ என்ற கட்டளை. விண்டோஸ் அதைக் காப்பிக்கு எடுத்துக்கொள்வதற்கு முன்பிருந்தே அது அப்படித்தான். வெட்டு, நகல், ஒட்டு என்ற யோசனையை 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வளர்த்தவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர். அவர் பிறகு ஆப்பிளுக்குப் போனார். 1983-இல் வந்த லிசா கணினியில் எக்ஸ், சி, வி, இசட் என்ற நான்கு எழுத்தும் இதற்கு நிலைத்துவிட்டன. ஆப்பிளில் இந்த வேலைக்கென்றே தனி கீ இருந்தது. விண்டோஸ் அதே எழுத்துகளை எடுத்துக்கொண்டபோது அப்படி ஒரு கீ அதனிடம் இல்லை, கன்ட்ரோலையே பயன்படுத்த வேண்டியிருந்தது. அதனால் கன்ட்ரோல் சி-க்கு இரண்டு வேலை வந்து சேர்ந்தது. காப்பி செய்வதாக நினைத்து, ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்திய அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. மேக் டெர்மினலில் அந்தச் சண்டையே கிடையாது. கமாண்ட் சி காப்பி, கன்ட்ரோல் சி நிறுத்து. இரண்டும் தனித்தனியாக வேலை செய்யும். நீங்கள் இடம் மாற்றி வைத்தால் இந்த நல்ல விஷயத்தைத் தலைகீழாக்கிக்கொள்வீர்கள். அப்புறம் பக்கத்துத் தம்பியின் மேக்கில் உட்கார்ந்தால் மறுபடியும் கை தடுமாறும், உங்கள் மேக்கில் அவர் உட்கார்ந்தாலும் அதே கதைதான்.

மாற்ற வேண்டியது விரலை. விண்டோஸில் கன்ட்ரோலைச் சுண்டு விரல் அழுத்தும். மேக்கில் கமாண்ட், ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது கட்டை விரலின் வேலை. பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். சுண்டு விரலையோ ஆள்காட்டி விரலையோ வளைத்துக் கமாண்டைப் பிடிக்கிறார்கள். கை முழுவதும் இடம் பெயர்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது, அடுத்து அடிக்கும் எழுத்தும் தப்பாகிறது. கையை அதன் இடத்திலேயே வைத்துக்கொண்டு, இடது கட்டை விரலைக் கொஞ்சம் உள்ளே மடக்கிக் கமாண்டை அழுத்துங்கள். இன்றைக்கு ராத்திரி பத்து நிமிடம், ஒரு வெற்று ஃபைலைத் திறந்து கமாண்ட் எக்ஸ், சி, வி, இசட் நான்கையும் மெதுவாகச் செய்து பாருங்கள். இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் ஏ எஸ் டி எஃப் அடித்தீர்களே, அதே பொறுமையோடு. வேகம் வேண்டாம், தப்பு வராமல் இருந்தால் போதும். வேகமாகத் தப்பாக அடித்தால் கை தப்பையே பழகிக்கொள்ளும்.

எண்ட் கீ பற்றிக் கேட்டிருந்தீர்கள். கமாண்டோடு வலது அம்புக்குறி வரியின் கடைசி, இடது அம்புக்குறி வரியின் தொடக்கம். ஆப்ஷனோடு அம்புக்குறி என்றால் ஒவ்வொரு வார்த்தையாகத் தாவும். விண்டோஸ் பழக்கத்தில் கன்ட்ரோலோடு அம்புக்குறியை அழுத்தினீர்கள் என்றால், முழுத்திரையில் ஏதாவது திறந்திருக்கும்போது திரையே ஒரு பக்கமாகச் சறுக்கிப் போகும். முதல் தடவை பார்க்கும்போது பயமாக இருக்கும், எதுவும் கெட்டுப்போகவில்லை, எதிர்ப்பக்க அம்புக்குறியை அழுத்தினால் திரும்பி வரும். டெலிட் என்று எழுதியிருப்பது பின்னால்தான் அழிக்கும். முன்னால் அழிக்க எஃப்என் கீயைச் சேர்த்து அழுத்துங்கள்.

உங்களுக்கு நிச்சயம் பிடிக்கப்போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. கன்ட்ரோல் ஏ வரியின் தொடக்கம், கன்ட்ரோல் ஈ வரியின் கடைசி, கன்ட்ரோல் கே அங்கிருந்து வரியின் மிச்சத்தை வெட்டும். இவை ஈமேக்ஸ் எடிட்டரிலிருந்து வந்த பழக்கங்கள். மேக்கில் டெர்மினலில் மட்டுமல்லாமல், மின்னஞ்சல் எழுதும் பெட்டி, பிரவுசரின் முகவரிப் பட்டை என்று ஏறக்குறைய எழுதும் இடம் எல்லாவற்றிலும் வேலை செய்யும். லினக்ஸ் சர்வருக்குள் போனால் அங்கேயும் இதே கீதான். இந்த மூன்றையும் பழகிவிட்டால் எண்ட் கீயைத் தேட மாட்டீர்கள்.

இனி அந்தத் தமிழ் விவகாரம். இதைப் படித்ததும் எனக்கு உங்கள் திரை கண்முன்னே வந்துவிட்டது. விஎஸ் கோடு எடிட்டரில் ஏதோ ஒரு ஆப்ஜெக்டின் பெயரை எழுதிப் புள்ளி வைக்கிறீர்கள். பரிந்துரைப் பட்டியல் வர வேண்டும் என்று கன்ட்ரோல் ஸ்பேஸ் அழுத்துகிறீர்கள். பட்டியல் வரவில்லை. சரி என்று மேலே அடிக்கிறீர்கள், திரையில் தமிழ் எழுத்து வந்து விழுகிறது. காரணம் இதுதான்: மேக்கில் இரண்டாவதாக ஒரு மொழியைச் சேர்த்துவிட்டால், தமிழ் 99 கீபோர்டு ஆனாலும் அஞ்சல் கீபோர்டு ஆனாலும், மொழியை மாற்றும் குறுக்குவழியாகக் கன்ட்ரோல் ஸ்பேஸை அது எடுத்துக்கொள்கிறது. விஎஸ் கோடுக்கும், ஜாவா எழுதும் இன்டெலிஜே எடிட்டருக்கும் அதே கன்ட்ரோல் ஸ்பேஸ்தான் பரிந்துரைக்கான கீ. எடிட்டர் வரை அந்த அழுத்தம் போவதே இல்லை, நடுவிலேயே சிஸ்டம் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலம் மட்டும் வைத்திருக்கும் அந்தத் தம்பிக்கு இது நடக்கவே நடக்காது. அதனால்தான் உங்கள் டீமில் யாருக்கும் இதற்குப் பதில் தெரிந்திருக்காது.

சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதற்குள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ், அதற்குள் இன்புட் சோர்சஸ் போங்கள். அங்கே இரண்டு டிக் இருக்கும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். மொழி மாற்ற, கீழே இடது ஓரத்தில் பூமி உருண்டைப் படம் போட்ட கீ இருக்கிறது, அதற்கு அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து இதற்காகத் தமிழ் கீபோர்டை நீக்கிவிடாதீர்கள். மேக்கில் தமிழ் எழுதுவது அருமையான அனுபவம். ஒரு குறுக்குவழி மோதுகிறது என்பதற்காக அதை விட வேண்டியதில்லை.

இப்படி ஒரு மோதலில் நானும் மாட்டியிருக்கிறேன். சில வருடம் ஜெர்மனியில் வேலை பார்த்தேன். அங்கே கீபோர்டு ஜெர்மன் அமைப்பு. விண்டோஸில் மின்னஞ்சல் முகவரிக்கான அட் குறி வேண்டுமென்றால், ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் இருக்கும் ஆல்ட்ஜிஆர் கீயோடு க்யூவை அழுத்த வேண்டும். நாலு மாதத்தில் கை அதைப் பழகிவிட்டது. பிறகு ஒரு புராஜெக்டுக்காக ஜெர்மன் கீபோர்டு உள்ள மேக் கொடுத்தார்கள். ஆல்ட்ஜிஆர் இருந்த இடத்தில் அதில் இருப்பது கமாண்ட். கமாண்ட் க்யூ என்றால் அந்த அப்ளிகேஷனையே மூடுவது. அரை மணி நேரமாக நிரப்பிய ஒரு விண்ணப்பப் படிவத்தில், கடைசிக் கட்டமான மின்னஞ்சல் முகவரியில் அட் குறி அடித்தேன். பிரவுசரே மூடிக்கொண்டது. படிவம் போனது. மறுபடி நிரப்பினேன், மறுபடி அதே இடத்தில் கை அதையே செய்தது. அன்று நிஜமாகவே கண் கலங்கியது. அதனால் உங்கள் தூக்கம் போன இரவு எனக்குப் புரிகிறது.

கீபோர்டு தானாகப் பழகிவிடும். தானாகப் பழகாத சில வித்தியாசங்கள் உள்ளே இருக்கின்றன. உங்கள் கவனத்தை அங்கே வையுங்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபைலின் பெயர் பெரிய யூவில் தொடங்குகிறது, நீங்கள் அந்த ஃபைலைத் திறக்கும் வரியில் சின்ன யூ போட்டுவிட்டீர்கள் என்று வைப்போம். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேக் யூனிக்ஸ் வழி வந்தது, அதனால் வித்தியாசம் பார்க்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணமாக அமைத்திருக்கும் மேக் டிஸ்க் பார்க்காது. ஃபைலைத் திறந்துகொடுத்துவிடும். உங்கள் கோடு லினக்ஸ் சர்வரில் போய் ஓடும்போதுதான் ‘ஃபைல் இல்லை’ என்று விழும். கண் முன்னே ஃபைல் இருக்கும்போது எதைத் தேடுவது என்று அரை நாள் போகும். மேக்கில் டெர்மினல் இருக்கிறது என்பதால் அது லினக்ஸ் ஆகிவிடாது.

டெர்மினல் கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்டிலும் இதே கதை. எழுத்தைத் திருத்தும் செட், தேடும் கிரெப், தேதி காட்டும் டேட் மாதிரியான கட்டளைகள் மேக்கில் பிஎஸ்டி வகை, லினக்ஸ் சர்வரில் குனூ வகை. பெயர் ஒன்று, விருப்பக்குறிகள் சில இடத்தில் வேறு. ஃபைலை அங்கேயே திருத்தும் செட் கட்டளை இதற்குப் பேர்போனது, லினக்ஸில் ஓடும் வரி மேக்கில் பிழை சொல்லும். டெர்மினலில் நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி இயக்குவது ஷெல். 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து மேக்கின் ஷெல் இசட்-ஷெல். பாஷ் என்ற இன்னொரு ஷெல் வேண்டுமென்றால் உள்ளே இருப்பது 3.2 என்ற மிகப் பழைய பதிப்பு. ஹோம்புரூ என்ற நிறுவும் கருவியில் புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பைத்தான் எழுதுவதாகச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். பைத்தானில் இணையதளம் செய்ய உதவும் ஃபிளாஸ்க், வழக்கமாக 5000 என்ற போர்ட்டில், அதாவது அந்த வாசல் எண்ணில் ஓடும். 2021-இல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து, மற்ற ஆப்பிள் சாதனங்களின் படத்தையும் ஒலியையும் வாங்கும் மேக்கின் ஏர்ப்ளே ரிசீவர் அதே 5000-ஐப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ‘போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது’ என்று வந்தால் உங்கள் கோடைச் சந்தேகிக்காதீர்கள். செட்டிங்ஸில் ஏர்ப்ளே ரிசீவர் என்று தேடி அணைத்துவிடுங்கள், அல்லது வேறு போர்ட்டில் ஓட்டுங்கள்.

புரோகிராமை அது ஓடத் தேவையானவற்றோடு சேர்த்துப் பொட்டலமாக்கும் டாக்கர் இமேஜ் கட்டும் வேலை வந்தால் சிப்பையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2020 கடைசியில் வந்த எம்1 சிப்பிலிருந்து மேக்குகள் ஆர்ம் வகைச் சிப்புக்கு மாறின. சர்வர் இன்டெல் வகையாக இருந்தால் உங்கள் மேக்கில் கட்டிய இமேஜ் அங்கே ஓடாது. கட்டும்போதே எந்த வகைக்கு என்று சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் உங்களுக்கு ஒரே நாளில் புரியும். 13 வருடம் சம்பாதித்த அறிவு விரலில் இல்லை. எங்கே பிழை இருக்கும் என்று மோப்பம் பிடிக்கிற புத்தி உங்களிடம் அப்படியே இருக்கிறது. அந்தத் தம்பி லேப்டாப்பைத் திருப்பிக்கொண்ட அன்று அது எங்கும் போய்விடவில்லை.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. இருவர் சேர்ந்து கோடு எழுதும்போது ஒருவர் அடிப்பதும் ஒருவர் வழி சொல்வதும்தான் முறை. அதனால் கீபோர்டு கை மாறுவதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் யார் எப்போது அடிப்பது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ‘முதல் அரை மணி நேரம் நான் அடிக்கிறேன் தம்பி, கை பழக வேண்டும், கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். அப்புறம் நீ அடி, நான் சொல்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார். கஷ்டமான பக் என்றால் நீங்கள் வழி சொல்லும் இடத்தில் இருங்கள், உங்கள் அனுபவத்தின் மதிப்பு அங்கேதான் அவருக்குத் தெரியவரும். லீடிடமும் ஒரு வரி சொல்லி வையுங்கள்: ‘விண்டோஸிலிருந்து வந்திருக்கிறேன், இந்த மாதக் கடைசிக்குள் கை பழகிவிடும்.’ சொல்லாமல் இருந்தால் அவர் உங்கள் வேகத்துக்கு வேறு காரணம் யோசிப்பார்.

கடைசியாக, வீட்டிலிருக்கும் மெக்கானிக்கல் கீபோர்டு. தாராளமாக எடுத்துப் போங்கள், ஆபீசில் வெளிச் சாதனம் இணைக்க அனுமதி வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இணைத்தவுடன் ஒரு விஷயம் செய்தாக வேண்டும். விண்டோஸ் கீபோர்டை மேக்கில் செருகினால் விண்டோஸ் கீ கமாண்ட் ஆகும், ஆல்ட் கீ ஆப்ஷன் ஆகும். அப்போது ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் ஆப்ஷன் வரும், கமாண்ட் ஒரு கீ தள்ளிப் போகும். லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டிலோ கமாண்ட்தான் ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில். மேசையில் ஒரு மாதிரி, மீட்டிங் ரூமில் ஒரு மாதிரி என்று ஒரே மேக்கில் இரண்டு அமைப்பு வந்துவிடும், கை எதையும் பழகாது. கீபோர்டு ஷார்ட்கட்ஸுக்குள் மாடிஃபயர் கீஸ் என்று இருக்கும். மேலே எந்தக் கீபோர்டு என்று தேர்ந்தெடுக்கலாம். உங்கள் வெளிக் கீபோர்டை மட்டும் தேர்ந்தெடுத்து, ஆப்ஷனைக் கமாண்டாகவும் கமாண்டை ஆப்ஷனாகவும் மாற்றுங்கள். லேப்டாப்பின் கீபோர்டைத் தொடாதீர்கள். மாற்றிவிட்டு இரண்டு கீபோர்டிலும் ஒருமுறை கட்டை விரலால் கமாண்ட் சி, கமாண்ட் வி அடித்துப் பாருங்கள். இரண்டிலும் கை ஒரே இடத்துக்குப் போனால் சரியாக வைத்துவிட்டீர்கள்.